பத்தரைக்கு முன்னால் வந்த பில்

"உங்களுக்கு எப்ப மேடம் நல்ல நேரம்?" என்றுதான் அந்த ஷோரூம் பையன் முதலில் கேட்டான். வண்டி என்ன விலை என்று நான் வாயைத் திறப்பதற்கு முன்பே கேட்டான். என் மாமியாருக்கு மனம் குளிர்ந்துபோனது. எனக்கும்தான். இந்தக் காலத்தில் இப்படி ஒரு பக்தியுள்ள பிள்ளையா என்று நினைத்த என் புத்தியை எதால் அடிக்கலாம் என்று இன்னமும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

எனக்கு வண்டி ஆசைக்கு இல்லை. என் கம்பெனி பஸ் காலையில் ஆறு மணிக்கு முன்னாலேயே வாலாஜாபாத்தைத் தாண்டிவிடும். திருப்புலிவனத்திலிருந்து அந்த நேரத்துக்குப் போய்ச் சேர டவுன் பஸ் கிடையாது. தினமும் இருட்டோடு இருட்டாக என் வீட்டுக்காரர்தான் கொண்டுபோய் விட்டு வந்தார். கழனிக்கு மும்முனைக் கரண்ட்டும் அதே நேரத்தில்தான் வரும். என்னை விட்டுவிட்டு அவர் திரும்பினால் மோட்டார் போட முடியாது, மோட்டார் போட்டால் எனக்கு வேலை போகும். இரண்டு முறை பஸ்ஸை விட்டேன். இன்னொரு முறை விட்டால் வரவே வேண்டாம் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். அதனால் வற்றிக் கிடந்த ஏரியில் அவருடைய பழைய வண்டியை எடுத்து நானே ஓட்டப் பழகினேன். எல்.எல்.ஆரும் போட்டேன். எங்கள் ஏரிக்கரைப் பாதையில் ஸ்கூட்டர் சரிப்படாது. சின்ன சக்கரம் பள்ளத்தில் உட்கார்ந்துகொள்ளும். கியர் வண்டி, அதிலும் புதிதாகப் பழகுகிறவர்களுக்கு ஏற்ற சின்ன வண்டி என்று முடிவு செய்து, கட்டி வந்த சீட்டை எடுத்தேன்.

ஷோரூமில் நான் கேட்ட கேள்விக்கெல்லாம் அந்தப் பையன் என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்துப் பதில் சொன்னான். மைலேஜ் எவ்வளவு என்று கேட்டது நான், "நல்லா குடுக்கும் சார்" என்றது அவரிடம். அவர் அதிகம் பேசாதவர். கடைசியில் அவருக்கே பொறுக்கவில்லை. "வண்டி அவுங்களுதுப்பா. அவுங்ககிட்ட சொல்லு" என்றார். பையன் சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பி, ஒரு அட்டையின் பின்னால் ஒரு தொகையை எழுதினான். வரி, ரிஜிஸ்ட்ரேஷன், இன்சூரன்ஸ் எல்லாம் அதில் அடக்கம், இதற்குமேல் ஒரு பைசா ஆகாது என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னான். முழுப் பணத்தையும் கட்டினோம். சீட்டுப் பணத்தில் மிஞ்சியதை முதல் மாதப் பெட்ரோலுக்கும் லைசன்ஸுக்கும் என்று தனியாக முடிந்து வைத்தேன்.

வெள்ளிக்கிழமை ஒன்பதே காலிலிருந்து பத்தே கால் வரை நல்ல நேரம், பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் வண்டி வெளியே வந்துவிட வேண்டும் என்று மாமியார் முந்தின வாரமே அவனிடம் சொல்லிவைத்திருந்தார். அவனும் பயபக்தியோடு குறித்துக்கொண்டான்.

ஒன்பதரைக்கெல்லாம் மாலை, எலுமிச்சம்பழம், கற்பூரத்தோடு போய் நின்றோம். வண்டியும் கழுவித் துடைத்து, ரிப்பன் கட்டி வாசலிலேயே நின்றது. சாவிதான் வரவில்லை. உட்காருங்கள் என்றார்கள். பேப்பர் கப்பில் காபி தந்தார்கள். ஸ்டாம்ப் வைக்க வேண்டியவர் வந்துகொண்டிருக்கிறார் என்றார்கள். மாமியார் சுவர்க் கடிகாரத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பத்து மணி தாண்டிய பிறகு மேனேஜர் எங்களை மேசைக்குக் கூப்பிட்டு ஒரு பில்லை நீட்டினார். ஒன்பதாயிரத்துச் சொச்சம்.

ஒவ்வொன்றாகப் படித்தேன். கிராஷ் கார்டு, சீட் கவர், டெஃப்லான் பாலிஷ். சுடிதார் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் என்னிடம் சேலை கார்டுக்குத் தனிக் காசு. வண்டியோடு வர வேண்டிய கண்ணாடிக்குக்கூட ஒரு தொகை. எல்லாவற்றுக்கும் அடியில் ஹேண்ட்லிங் சார்ஜ். அது என்ன என்று கேட்டேன். கம்பெனியிலிருந்து வந்த வண்டியை லாரியிலிருந்து இறக்கித் துடைத்து வைப்பதற்கு என்றார் மேனேஜர், முகத்தில் கொஞ்சமும் கூச்சமில்லாமல். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள். அந்தச் சுமைகூலியைச் சுண்டைக்காய் விலையிலேயே ஒருமுறை வாங்கிக்கொண்டு, மறுபடியும் கேட்கிற ஆட்களை அன்றுதான் பார்த்தேன்.

"இதெல்லாம் நாங்க கேக்கவே இல்லியே. கழட்டிடுங்க" என்றேன்.

"தாராளமா கழட்டலாம் மேடம். மெக்கானிக் வரணும். பதினொன்னு, பதினொன்னரை ஆவும்" என்றார் மேனேஜர். சொல்லிவிட்டுத் தலையைத் திருப்பி நிதானமாகக் கடிகாரத்தைப் பார்த்தார்.

அந்த ஒரு பார்வையில் எனக்கு எல்லாம் விளங்கியது. மேசைக்கு நேர் எதிரே கடிகாரத்தை மாட்டியது, அதற்குக் கீழே சீரியல் பல்பு சுற்றிய சாமிப் படங்களை வைத்தது, முதல் நாளே நல்ல நேரம் கேட்டது, காபி கொடுத்து உட்கார வைத்தது. தலையைத் தடவி மூளையை உறிஞ்சுகிற வேலையை இவ்வளவு சுத்தபத்தமாகச் செய்வார்கள் என்று நான் நினைக்கவில்லை. பக்கத்து மேசையில் இன்னொரு குடும்பம் மாலையோடு உட்கார்ந்திருந்தது. அவர்களும் அதே கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எழுந்து போய்விடலாம் என்றுதான் இருந்தது. ஆனால் முழுப் பணமும் உள்ளே போய்விட்டது, திங்கட்கிழமை காலையில் எனக்கு வண்டி வேண்டும். மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டார். "போனா போவுது, குடுத்துடும்மா. வெள்ளிக்கெயமையும் அதுவுமா ராகு காலத்துல வண்டிய வெளிய எடுக்க வாணாம்" என்றார். வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். கடிகாரத்தில் பத்தே கால் நெருங்கிவிட்டது. முடிந்து வைத்திருந்ததை அவிழ்த்தேன். குறைந்த தொகைக்கு அவரும் சட்டைப் பையைத் துழாவினார்.

பணம் கைமாறியதும் ஸ்டாம்ப் வைக்கிறவர் எங்கிருந்தோ முளைத்துவிட்டார். ஆளுயர அட்டைச் சாவி ஒன்றைக் கையில் கொடுத்து நிற்க வைத்தார்கள். சுற்றி நின்று கை தட்டினார்கள். போட்டோவுக்குச் சிரிக்கச் சொன்னார்கள், நானும் சிரித்துத் தொலைத்தேன். ஒரு ஸ்வீட் பாக்ஸ் தந்தார்கள். அதுவும் பில்லில் இருந்தது என்பதை வீட்டில் உட்கார்ந்து படித்தபோதுதான் பார்த்தேன்.

எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு வண்டி வெளியே வந்தபோது பத்தரைக்கு இன்னும் சில நிமிடங்கள் இருந்தன. நான்தான் ஓட்டினேன். அவர் பின்னால் உட்கார்ந்தார். மாமியார் திருப்புலிவனம் கோயிலில் அர்ச்சனைக்குச் சொல்ல ஷேர் ஆட்டோவில் முன்னால் போய்விட்டார். நல்ல காற்று, நல்ல ரோடு. கொஞ்ச நேரம் எல்லாவற்றையும் மறந்துகூட விட்டேன். உத்திரமேரூரைத் தாண்டிக் கழனிகளுக்கு நடுவே வந்தபோது வண்டி இருமியது, குலுங்கியது, நின்றுவிட்டது.

அவர் டேங்க் மூடியைத் திறந்து வண்டியை ஆட்டிப் பார்த்தார். சத்தமே இல்லை. இறக்கித் துடைத்து வைக்க அத்தனை பணம் வாங்கிய மகராசன்கள் இரண்டு கை பெட்ரோல்தான் ஊற்றி அனுப்பியிருந்தார்கள். போன் செய்தேன். "பெட்ரோல் நீங்கதான் போட்டுக்கணும் மேடம், சொல்லலையா?" என்றான் அந்தப் பக்திமான்.

பங்க் திரும்ப உத்திரமேரூருக்குள்தான் இருந்தது. வெயிலில், மாலை போட்ட புது வண்டியை வந்த வழியே தள்ளினோம். எதிரே வந்த ஒருவர் வண்டியை நிறுத்தி, "இன்னாங்க, பூச போட்ட கையோட தள்ளிக்கினு வரீங்க?" என்று கேட்டார். பங்கில் என் பர்ஸ் காலி. வீட்டுக்காரர் சட்டைப் பையில் மிச்சமிருந்த ஒரு நோட்டுக்குப் பெட்ரோல் போட்டார். மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது. நட்ட நடு ராகு காலம். ஒரே அழுத்தில் வண்டி கிளம்பியது, வீடு வரைக்கும் ஒரு குறையும் இல்லாமல் வந்தது. திங்கட்கிழமை காலையில் கம்பெனி பஸ் வருவதற்கு முன்னாலேயே நான் போய் நின்றேன். இன்றுவரை ஒரு நாளும் பஸ்ஸை விட்டதில்லை.

ராகு காலம் எங்களிடம் ஒரு ரூபாய்கூடப் பிடுங்கவில்லை. பிடுங்கியதெல்லாம் நல்ல நேரத்தில்தான். இதை நான் மாமியாரிடம் சொல்லிக்காட்டவில்லை. அன்று தேங்காய்த் தட்டோடு கோயில் வாசலில் வெயிலில் காத்து நின்றவர் அவர். தெருவில் எந்த வீட்டில் உட்கார்ந்தாலும் அந்தப் பையனைப் புதிது புதிதாகச் சபித்துக்கொண்டிருந்தார்.

போன மாதம் என் கொழுந்தனுக்கு வண்டி எடுக்க வேண்டி வந்தது. அவனுக்குப் பிடித்த வண்டி அந்த ஷோரூமில்தான் இருந்தது. அதே மேசை, அதே கடிகாரம், அதே பையன். எங்களை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. எத்தனை பேரைப் பார்த்தவனோ. பவ்யமாகக் குனிந்து மாமியாரிடம் கேட்டான், எப்போது நல்ல நேரம் என்று.

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார்: "எங்குளுக்கு ராகு காலம்தாம்பா ஆவும். நீ மொதல்ல பில்ல எடு."