கொக்கி வைக்காத ஜாக்கெட்

இடது கை பட்டுத் துணியை மேசையோடு சேர்த்து அமுக்கிப் பிடித்திருந்தது. வலது கை கத்தரியை ஓட்டிக்கொண்டிருந்தது. கத்தரியின் வளையங்களில் பழைய பனியன் துணியைச் சுற்றிப் பருமனாக்கியிருந்தது. வெறும் இரும்பு பட்டால் கட்டைவிரலின் அடியில் பிடித்து முழங்கை வரைக்கும் சுரீரென்று ஏறும். கைக்குழி வளைவுக்கு வந்ததும் கத்தரி நின்றது. விரல்கள் விரிந்தன, மடங்கின, மறுபடி விரிந்தன. அப்புறம் வளைவை ஒரே ஓட்டத்தில் வெட்டி முடித்தன. வெட்டிய ஓரத்தில் ஒரு பிசிறு இல்லை.

வெயில் நன்றாக ஏறின பிறகுதான் இந்தக் கைகள் கத்தரியைத் தொடும். விடிகாலையில் அவை கைகளாகவே இருக்காது. டம்ளரைப் பிடிக்காது, சீப்பைப் பிடிக்காது. வெந்நீரில் முக்கி வைத்து, தோசைக்கல்லில் கல்லுப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக வழிக்குக் கொண்டுவர வேண்டும்.

கைகளுக்குச் சொந்தக்காரி ஆனந்தவள்ளி. வீட்டில் வள்ளி. வையம்பட்டியில் பிறந்து, எடமலைப்பட்டி புதூரில் தமிழ்மணிக்கு வாழ்க்கைப்பட்டவள். தமிழ்மணி துவாக்குடிப் பக்கம் ஒரு கம்பெனியில் வெல்டர். வீட்டின் முன்னறைதான் வள்ளியின் தையல் கடை. தொழிலை யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. நல்லா நிற்கிற ஜாக்கெட் எது கிடைத்தாலும் அதைத் தையல் தையலாகப் பிரித்து, பிரித்த துண்டுகளைத் தரையில் பரப்பிப் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டாள். அவள் தைத்த ஜாக்கெட்டில் தோள் நழுவியதாக இதுவரை ஒருத்தி வந்து சொன்னதில்லை. வேலையில் சுத்தம், வாயில் காரம். "நேத்தே வேணும்னா நேத்தே வந்திருக்கணும்" என்று வாடிக்கைக்காரிகளை விரட்டுகிற ரகம்.

வலி முதலில் தோளில் வந்தது. தையல்காரிக்குத் தோள் வலிக்காமல் வேறு யாருக்கு வலிக்கும் என்று விட்டுவிட்டாள். பிறகு இடுப்பு, தொடை, பாதம், தாடை. சில நாட்களில் புடவையின் தோள் மடிப்பே பாரமாகத் தெரிந்தது. ராத்திரி முழுக்கத் தூங்கி எழுந்தாலும் மூட்டை சுமந்துவிட்டு வந்தவள் மாதிரி அசதி. ரத்தம் பார்த்தார்கள், எக்ஸ்ரே எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். எல்லாம் நார்மல். அந்த ஒரு வார்த்தை அவளுக்குச் செய்த கெடுதலை எந்த நோயும் செய்யவில்லை. ரிப்போர்ட்டில் ஒன்றும் இல்லையென்றால் உடம்பிலும் ஒன்றும் இல்லை என்று வீடு முடிவு கட்டிவிட்டது.

கடைசியில் தில்லைநகரில் ஒரு டாக்டரம்மா, உடம்பில் அங்கங்கே விரலால் அமுக்கிப் பார்த்து, நெடுநேரம் கேள்வி கேட்டு, ஃபைப்ரோமயால்ஜியா என்று பெயர் சொன்னார். ரிப்போர்ட்டில் தெரியாது, ஆனால் வலி நிஜம் என்றார். முழுக்கப் போகாது, பழக்கித்தான் வைத்துக்கொள்ள வேண்டும். தினம் நடக்க வேண்டும். வேலையைத் துண்டு துண்டாகச் செய்ய வேண்டும். முக்கியமாக, உடம்பு நன்றாக இருக்கிற நாளில் எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுக்கொள்ளக் கூடாது என்றார். ராத்திரிக்கு ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

அந்த மாத்திரையின் பெயரைக் கொழுந்தன் சரத்குமார் போனில் தேடிப் பார்த்தான். "இது மனசு சரியில்லாதவங்களுக்குக் குடுக்குற மாத்திரையாம்" என்று சாப்பாட்டு நேரத்தில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான். வலிக்கும் அதைக் கொடுப்பார்கள் என்று டாக்டரம்மா சொன்னதை வள்ளி சொல்லிப் பார்த்தாள். யாரும் காதில் வாங்கவில்லை. நாத்தனார் அனுசுயா வேறு, இது வாயுப் பிடிப்புதான் என்று ஒரு பொம்பளையைக் கூட்டிவந்து எண்ணெய் போட்டு நீவவிட்டாள். அமுக்குகிற இடமெல்லாம் உயிர் போயிற்று. வள்ளி கத்தினாள். அடுத்த பல நாள் கையைத் தலைக்கு மேல் தூக்க முடியவில்லை. நீவிவிட்டால் சுகமாகத்தானே இருக்கும், இவள் என்ன ஊரைக் கூட்டுகிறாள் என்று அதையும் நடிப்புக் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள்.

இப்போது மேசைமேல் கிடந்தது அனுசுயா மகள் ரெங்கப்ரியாவின் கல்யாணத்துக்கு மாமன் சேலையில் வெட்டின ஜாக்கெட் துணி. தாய்மாமன் வீட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டுதான் பெண் முதலில் மணையில் உட்கார வேண்டும். தமிழ்மணிதான் தாய்மாமன். சேலை அவன் எடுத்தது. ஜாக்கெட் அவன் பெண்டாட்டி தைப்பது. இதில் கேள்வியே இல்லை. ஸ்ரீரங்கத்தில் மண்டபம், ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம்.

அளவு ஜாக்கெட்டைக் கொடுக்க அனுசுயா வந்த அன்று, முன்னறையில் காளியாயி உட்கார்ந்து யாருடைய ஜாக்கெட்டுக்கோ கொக்கி வைத்துக்கொண்டிருந்தாள். காளியாயி காலையில் காந்தி மார்க்கெட்டில் கூலிக்கு வெங்காயம் பொறுக்கிப் பிரிப்பாள். மத்தியானம் வந்து வள்ளிக்குக் கைத்தையல் செய்வாள். மிஷின் வேலையை வள்ளியால் எப்படியாவது ஓட்டிவிட முடியும். மெல்லிய ஊசியை இரண்டு விரலால் கிள்ளிப் பிடித்துக் குத்தி இழுப்பதுதான் ஆகாது. ஆகவே கொக்கியும், ஓரம் மடித்துத் தைக்கிற ஹெம்மிங்கும் காளியாயி பொறுப்பு. அவள் புருஷன் செத்து வருஷம் பல ஆகிவிட்டது.

அனுசுயா அவளைப் பார்த்தாள். அப்புறம் வள்ளியிடம் சொன்னாள்.

"கல்யாணப் பொண்ணு துணியில அறுத்தவ கை படக்கூடாது. கொக்கியிலேர்ந்து எல்லாத்தையும் நீயே வெச்சிரு."

காளியாயி தலையைத் தூக்கவில்லை. நூலைப் பல்லால் கடித்து அறுத்து, அடுத்த கொக்கியை எடுத்தாள்.

"முடியாதுன்னா இப்பவே சொல்லிரு வள்ளி. டெய்லருக்கா பஞ்சம். ஆனா, சொந்த நாத்தனா மகளுக்கு ஒரு ஜாக்கெட் தெக்க முடியாதவளுக்கு முன்ரூம் எதுக்கு? சரத் செல்போன் கடை போடணும்னு எத்தன நாளா கேட்டுக்கிட்டிருக்கான்."

"முடியாதுன்னு யாருண்ணி சொன்னா?" என்றாள் வள்ளி.

சொன்ன பிறகுதான் தான் எதில் காலை விட்டிருக்கிறோம் என்று அவளுக்குப் புரிந்தது. தைக்கவில்லையென்றால் அறை போகும். அறை போனால் மிஷினைப் போட இடமில்லை; அவளுடையது என்று அந்த வீட்டில் வேறு எதுவும் இல்லை. முழுக்கத் தன் கையாலேயே தைத்துக் கொடுத்துவிட்டால், பார்த்தாயா, எல்லாம் முடிகிறது, வலி வலி என்று இத்தனை நாள் போட்டது வேஷம்தான் என்பார்கள். அதன் பிறகு ஒரு நாளும் முடியவில்லை என்று அவள் வாயைத் திறக்க முடியாது.

கொண்டுபோய் அனுசுயாவின் மூஞ்சியில் அடிப்பதுபோலக் கொடுக்க வேண்டும் என்கிற ஆத்திரம்தான் அவளைக் கெடுத்தது. துணி வெட்டின அன்று உடம்பு அபூர்வமாக லேசாக இருந்தது. வெட்டினதோடு நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. லைனிங் கொடுத்தாள், டாட் மடிப்புப் பிடித்தாள், கழுத்துக்குப் பைப்பிங் வைத்தாள், கை ஏற்றினாள். சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. சாயங்காலம் மிஷினை விட்டு எழுந்தபோது கொக்கியும் ஹெம்மிங்கும் மட்டும்தான் பாக்கி. நாளைக்கு ஊசியைப் பிடித்துவிட்டால் தீர்ந்தது.

மறுநாள் ஊசியைப் பிடிப்பது இருக்கட்டும், பல் தேய்க்க முடியவில்லை. தோளிலிருந்து விரல் நுனி வரை யாரோ தோலை உரித்துவிட்டு உப்புத் தண்ணீர் ஊற்றியது போல எரிந்தது. அதற்கு அடுத்த நாளும் அப்படியே. ஊசியை எடுப்பாள், விழும். குனிந்து தேடுவாள், இடுப்பு பிடித்துக்கொள்ளும். தன்மீதே அவளுக்கு அப்படி ஒரு வெறுப்பு வந்தது. டாக்டரம்மா எதைச் செய்யாதே என்றாரோ அதையே செய்தாயிற்று.

தமிழ்மணி இரண்டு நாளாக இதைப் பார்த்துக்கொண்டிருந்தான். கம்பெனிக்குக் கிளம்பும்போது, காளியாயியை வைத்து முடித்துவிட்டு நீயே தைத்ததாகச் சொல்லிவிடு, அக்கா என்ன உட்கார்ந்து தையலை மோந்தா பார்க்கப்போகிறாள் என்றான். அவனுக்குச் சண்டை ஆகாது. யாரும் கத்தாமல் நாள் போனால் அதுவே நல்ல நாள்.

வள்ளிக்கும் வேறு வழி தெரியவில்லை. மத்தியானம் காளியாயி வந்ததும் ஜாக்கெட்டை அவள் பக்கம் தள்ளினாள். உள்ரூமில் உட்கார்ந்து முடித்துவிடு, யார் கேட்டாலும் நான் தைத்தது என்று சொல்லிக்கொள்கிறேன் என்றாள்.

காளியாயி துணியைத் தொடவில்லை.

"உன் நாத்தனா சொல்றப்ப நான் இங்கதான் உக்காந்திருந்தேன். நீ ஒரு வார்த்த சொல்லல."

"சொல்லி என்ன ஆகப்போவுது?"

"ஒண்ணும் ஆவாது. அதுக்காக இப்ப உள்ரூம்ல ஒளிஞ்சு உக்காந்து தெக்கச் சொல்றியே, அது என்ன?"

வள்ளிக்கு எரிச்சல் பொங்கியது. இருக்கிற வலி போதாதென்று நீ வேறா என்றாள். கூலியைக் கூட்டித் தருகிறேன் என்றாள். அதைச் சொன்னதும் காளியாயியின் முகம் இன்னும் இறுகியது.

"உனக்கு வலின்னா ஒருத்தரும் நம்பலன்னு எங்கிட்ட அழுவுற. இந்தக் கொக்கி நான் வெச்சதுன்னா மட்டும் ஒருத்தருக்கும் தெரியக்கூடாதா? நான் தெச்சுத் தர்றேன். இங்க, வாசப்படிகிட்ட வெளிச்சத்துல உக்காந்து தெக்கிறேன். ஆனா யாரு தெச்சான்னு உன் நாத்தனாகிட்ட நீதான் சொல்லணும். அது ஆவாதுன்னா, நீயே தெச்சுக்க."

வள்ளி வாசல் பக்கம் திரும்பினாள். தெருவில் தண்ணீர் லாரிக்குக் குடம் வைக்கச் சண்டை நடந்துகொண்டிருந்தது. பொய் சொன்னால் அறை நிற்கும். ஆனால் அது, எல்லாம் செய்ய முடிகிற வள்ளியின் அறை. அந்த வள்ளி இந்த உலகத்தில் இல்லை. இல்லாதவளுக்காக எத்தனை காலம் உழைத்துக் கொடுப்பது? அடுத்த கல்யாணத்துக்கும் அதற்கடுத்த சீருக்கும் அந்த இல்லாதவளைத்தான் கேட்டு வருவார்கள்.

"தெச்சிரு," என்றாள். நன்றி சொல்கிற குரலில் இல்லை, தோற்றுப்போனவளின் குரலில்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அனுசுயா மகளோடு வந்தாள். ஸ்ரீரங்கத்திலிருந்து ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் சென்ட்ரல் பஸ் ஸ்டாண்டு, அங்கிருந்து வேறு பஸ் என்று வியர்த்து வழிந்த எரிச்சல் முகத்தில் இருந்தது. தமிழ்மணி கல்யாண லீவில் வீட்டில் இருந்தான். காளியாயி எழுந்து கதவோரம் ஒதுங்கினாள். போகவில்லை.

ஜாக்கெட் தட்டில் மடித்து வைத்திருந்தது. மஞ்சள், குங்குமம், வெற்றிலை எல்லாம் முறையாக. ரெங்கப்ரியா கையை நீட்டினாள்.

"இரு," என்றாள் வள்ளி. "அண்ணி, மிஷின் வேலை முழுக்க நான். கொக்கி, காஜா, ஹெம்மிங் எல்லாம் காளியாயி அக்கா. என்னால ஊசி பிடிக்க முடியல."

ரெங்கப்ரியா அம்மாவைப் பார்த்தாள், அத்தையைப் பார்த்தாள், நீட்டிய கையை இழுத்துக்கொண்டாள். அனுசுயாவின் கழுத்து நரம்பு புடைத்தது. அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"வாய மூடிக்கிட்டுக் குடுத்திருந்தா நான் பாட்டுக்கு வாங்கிட்டுப் போயிருப்பேன். வேணும்னுதான சொல்ற?"

"ஆமா. வேணும்னுதான் சொல்றேன்."

"கல்யாணத்துக்கு முன்னாடி எம் மக மனசுல கல்லத் தூக்கிப் போடுறியே, நல்லாயிருப்பியா நீ?" அவள் மேசையைப் பார்த்தாள். "பிளேடு குடு. கொக்கிய எல்லாம் பிரிச்சு நானே வெச்சுக்கறேன்."

வள்ளி பிளேடை அவள் பக்கம் தள்ளினாள். கொக்கிப் பாக்கெட்டையும் ஊசியையும் தள்ளினாள். பட்டில் பிரித்தால் ஊசி ஓட்டை அப்படியே நிற்கும், போட்டோவில் தெரியும் என்று மட்டும் சொன்னாள். அனுசுயா பிளேடை எடுத்தாள். முதல் கொக்கியின் அடியில் கொண்டுபோனாள். அங்கே நூல் எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. அத்தனை நெருக்கமாகக் குத்தியிருந்தது. பிளேடு அங்கேயே நின்றது. அப்புறம் அவள் அதைக் கீழே வைத்துவிட்டுத் தம்பி பக்கம் திரும்பினாள்.

"கேட்டுக்கிட்டியா தமிழு? முடியலன்னு அவ வாயாலயே சொல்லிட்டா. இனிமே அந்த ரூமு எதுக்கு?"

தமிழ்மணி தரையைப் பார்த்தான். நழுவப் போகிறான் என்றுதான் வள்ளி நினைத்தாள்.

"கேட்டேன்க்கா. ஜாக்கெட் ரெடியாத்தான இருக்கு. கடை பாட்டுக்கு நடக்கட்டும்."

அனுசுயா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பொண்டாட்டி சொல்லிக் கொடுத்ததை ஒப்பிக்கிறான் என்றாள். நாளை மறுநாள் மணையில் உன் சேலை ஏறாமல் போனால் சம்பந்தி வீட்டில் என்ன பேசுவார்கள் என்று தானே கேட்டுக்கொண்டு, தானே அதற்கு ஒரு பதிலும் சொல்லிக்கொண்டாள். ரெங்கப்ரியா போனில் மணி பார்த்து, மெகந்தி போட வருகிறவள் வீட்டுக்கு வந்துவிடுவாள் என்று முணுமுணுத்தாள்.

"சரி, எடுத்துக் குடு," என்றாள் அனுசுயா, வள்ளியைப் பார்த்து.

வள்ளியின் கைகள் மடியில் உப்பு ஒத்தடத்தின் மேல் கிடந்தன. அவள் அவற்றை அசைக்கவில்லை.

"என்னால தட்டத் தூக்க முடியல அண்ணி."

பழி வாங்கவோ பரிதாபம் தேடவோ அவள் அதைச் சொல்லவில்லை. உண்மையிலேயே முடியவில்லை. அனுசுயாவுக்கு அது சவாலாகத்தான் கேட்டது. தமிழ்மணி ஓர் அடி முன்னால் வைத்தான். அதற்குள் கதவோரத்திலிருந்து காளியாயி வந்து, யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல், ஜாக்கெட்டின் மடிப்பைச் சரிசெய்து, தட்டைத் தூக்கி அனுசுயாவுக்கு நேராக நீட்டினாள்.

அனுசுயாவின் உதடு கோணியது. மஞ்சள் குங்குமம் வைத்த தட்டை ஒற்றைக் கையால் வாங்கக் கூடாது. அவள் கைப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, காளியாயியின் முகத்தைப் பார்க்காமல், இரண்டு கைகளையும் நீட்டி வாங்கினாள்.