குளியலறையில் விழுந்ததாகச் சொன்னேன்

நான் ஃபாக்டரியில் ஃபிட்டர். துபாயிலிருந்து வந்த ஒருவர், நின்றுகொண்டே ஓட்டும் தண்ணீர் ஸ்கூட்டர் ஒன்றை ஹுசேன் சாகர் ஏரியில் இறக்கியிருந்தார். அதன் என்ஜினைப் பார்க்க என்னைக் கூப்பிட்டார். காய்ச்சல் என்று லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் போனேன்.

வேலை முடிந்ததும், நாற்பத்து நான்கு வயதில் ஓர் ஆசை. நானும் ஏறி நின்றேன். திருப்பும்போது விழுந்தேன். வண்டி சுழன்று வந்து முழங்காலுக்குக் கீழே அடித்தது. எலும்பு முறிந்து, சதை கிழிந்தது.

ஆஸ்பத்திரியில், "குளியலறையில் வழுக்கி விழுந்துட்டேன்" என்றேன். லீவு விஷயம் வெளியே தெரிந்துவிடும் என்ற பயம். டாக்டர் காயத்தைத் தைத்து மாவுக்கட்டுப் போட்டார்.

ஐந்தாம் நாள் காய்ச்சல் நிஜமாகவே வந்தது. கட்டுக்குள்ளிருந்து நாற்றம். செகந்திராபாத் தமிழ் நர்ஸ் ஒருவர் கட்டை வெட்டித் திறந்தார். தையல் ஓரத்திலிருந்து கறுப்பாக, வேர் போன்ற எதையோ இடுக்கியால் இழுத்துக் காட்டினார்.

"ஏன் அண்ணா, உங்க பாத்ரூம்ல ஆகாயத்தாமரை வளர்க்கிறீங்களா?"

நான் கூரையைப் பார்த்தேன்.

"பொய் நக்கோ அண்ணா, வேணாம். ஏரித் தண்ணின்னா வைத்தியமே வேற. இப்பவும் மறைச்சா காலையே எடுக்கணும்."

சொன்னேன். அவர் திட்டவில்லை. டாக்டரைக் கூப்பிட ஓடினார்.

இரண்டு முறை திறந்து கழுவினார்கள். கால் தப்பியது, நடக்க எட்டு மாதம் ஆயிற்று.

வாயைத் திறக்காமல் இருப்பதை அடக்கம் என்று அதுவரை நினைத்திருந்தேன். இப்போது தலைவலி என்று போனாலும், டாக்டர் கேட்காததையும் சேர்த்துச் சொல்கிறேன், போதும் என்று அவர் கையைக் காட்டும்வரை.