உடவத்தகலேயில் விழுந்த மாப்பிள்ளை

கலியாணம் முடிந்து ஒன்பதாம் நாள், ஹிதாயாவும் பஹ்மியும் கண்டியை நடந்தே சுற்றிப் பார்க்கக் கிளம்பினார்கள். அவள் அக்குறணையில் பாலர் பாடசாலை ஆசிரியை. அவன் மடவளையில் ஃபோன் திருத்துகிறவன். பெரியவர்கள் பேசி முடித்த சம்பந்தம். அவன் முகத்தை நேருக்கு நேர் பார்க்க அவளுக்கு இன்னும் கூச்சம் விடவில்லை.

வாவியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, தலதா மாளிகை என்னும் புத்தர் கோயிலுக்குப் பின்னால் இருக்கும் உடவத்தகலே காட்டுக்கு ஏறினார்கள். ஏற ஏற அவன் பேச்சுக் குறைந்தது. களைப்பாக்கும் என்று நினைத்தாள்.

குளத்தைத் தாண்டியதும் பஹ்மி பேசிக்கொண்டிருந்ததைப் பாதியில் விட்டு, ஒரு மரத்தையே வெறித்துப் பார்த்தான்.

"என்ன பாக்கிறீங்க?"

அவன் தொண்டையிலிருந்து கரகரவென்று ஒரு சத்தம் வந்தது. அப்படியே சாய்ந்தான். கைகால்கள் வெட்டி வெட்டி இழுத்தன. வாயில் நுரை தள்ளியது.

மௌத்தாகப்போகிறான், உயிர் பிரியப்போகிறது என்றுதான் முதலில் நினைத்தாள். சுற்றிலும் ஆள் அரவமே இல்லை. கிளைகளிலிருந்து குரங்குகள் இறங்கிவந்து அவள் பையைக் குறிவைத்தன. ஆசிரியர் பயிற்சி வகுப்பில் வலிப்பைப் பற்றிச் சொல்லித்தந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அவனை ஒருக்களித்துப் படுக்கவைத்து, பையைத் தலைக்குக் கீழே கொடுத்து, நொடிகளை எண்ணத் தொடங்கினாள். ஐந்து நிமிடத்துக்கு மேல் போனால் ஆபத்து. நூற்று நாற்பதில் எண்ணிக்கை தவறியது.

நடைப்பயிற்சிக்கு வந்த சிங்களக் கிழவர் ஒருவர் ஓடிவந்து, பஹ்மியின் கையில் சாவிக்கொத்தைத் திணிக்கப் பார்த்தார்.

"எபா, மாத்தயா!" வேண்டாம் ஐயா என்று சிங்களத்தில் அலறினாள். தன் குரல் அவளுக்கே பயமாக இருந்தது.

இழுப்பு அடங்கியது. கண் திறந்த பஹ்மிக்குச் சற்று நேரம் அவளை அடையாளம் தெரியவில்லை. அந்தப் பார்வைதான் அவளை உலுக்கிவிட்டது. கிழவர் தண்ணீர் கொடுத்து, வாசல்வரை கூடவே நடந்தார்.

வாவிக்கரை மர வாங்கில் உட்கார்ந்ததும் கேட்டாள்: "இது எத்தின வருசமா?"

"பதினாலு வயசிலேருந்து ஈக்கு. மருந்து எடுத்தா வராது."

"எடுக்கல்லயா?"

"நீங்க மருந்தப் பாத்திருவீங்கன்னு... கலியாண நாளண்டே நிப்பாட்டிட்டேன்." சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். "உங்கட வாப்பாக்குச் செல்லிராதீங்க."

தன்னைவிட அவன் அதிகம் பயந்து போயிருக்கிறான் என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. கோபமும் வந்தது.

"செல்லுவேன். நீங்களும் பக்கத்தில ஈக்கணும். இப்ப எழும்புங்க, முதல்ல டொக்டர்ட்ட போவோம்."

அடுத்த வாரம் இருவரும் போய்ச் சொன்னார்கள். வாப்பா இரண்டு மாதம் அவர்கள் வீட்டுப் படி மிதிக்கவில்லை. ஹிதாயா பஹ்மியோடுதான் இருக்கிறாள். மருந்து மறுபடி தொடங்கியதிலிருந்து அவனுக்கு வலிப்பு வரவில்லை. ஆனாலும் குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றால், அடுப்பில் எது இருந்தாலும் விட்டுவிட்டுக் கதவடிக்கு ஓடுகிறாள்.

"ஈக்கிறீங்களா?"

"ஈக்கிறேன், ஈக்கிறேன்" என்பான் பஹ்மி, உள்ளேயிருந்து.