புதன்கிழமை முடிந்த வாரம்

புதுக்கோட்டைச் சமஸ்தானம் போய் இந்தியாவோடு சேர்ந்த மறுவருஷம் எனக்குக் கல்யாணம். மாப்பிள்ளை தஞ்சாவூர்க்காரர், புதுக்கோட்டையில் ஆபீஸ் குமாஸ்தா. வாடகைக்கு வீடு அமையாமல் அவர் சிநேகிதர்களோடு ஓர் அறையில் கிடந்தார். நான் இலுப்பூர்ப் பக்கம் ஆத்தா வீட்டிலேயே இருந்தேன். "கட்டிக்குடுத்த பொண்ணு இன்னுமா இங்கிட்டே கெடக்கு?" என்று கிணற்றடியில் கேட்பார்கள். எனக்கு உயிரே போகும்.

"வாரக் கடைசியில வர்றேன். வீடு கெடச்சா ஒன்னைக் கூட்டிட்டுப் போயிடுறேன்" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினார்.

எங்கள் ஊரில் வியாழக்கிழமை சந்தை. அன்று காய்க்கூடை நிறைந்தால் வாரம் தொடங்கியது, புதன்கிழமை கூடை காலியானால் முடிந்தது. காலண்டரை யார் பார்த்தார்கள்? புதன்கிழமைக்கென்று நல்ல கத்தரிக்காயாக எடுத்து ஒளித்துவைத்து, குழம்பு வைத்துக் காத்திருந்தேன். கடைசிப் பஸ்ஸும் போய்விட்டது.

சனிக்கிழமை சாயங்காலம் சிரித்துக்கொண்டு வந்து நிற்கிறார் மனுஷர்.

"வாரந்தான் புதன்கிழமையே முடிஞ்சுபோச்சே. இப்ப எதுக்கு வந்தீங்க?" என்றேன்.

"நாளைக்குத்தானே ஆபீஸ் லீவு? அப்ப இன்னைக்குத்தானே கடைசி?" என்று விழித்தார். சந்தைக் கணக்கைச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீடும் கிடைத்திருக்கவில்லை. கிளம்பும்போது மறுபடியும் "வாரக் கடைசியில வர்றேன்" என்றார்.

ஆபீஸ்காரருக்கு வாக்கப்பட்டாயிற்று, இனி அவர் கணக்குதான் என்று நானும் சனிக்கிழமைக்கு மனதைத் தேற்றிக்கொண்டேன். புதன்கிழமை மத்தியானம் பழைய சோற்றைப் பிழிந்துகொண்டிருக்கிறேன், வாசலில் செருப்புச் சத்தம். லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். கூடையில் ஒரு சுண்டிப்போன கத்தரிக்காய்கூட இல்லை. மாப்பிள்ளைக்குப் பழையதா என்று பதறி ஆத்தா கோழி பிடிக்க ஓடினாள்.

அவரோ என் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். "ஒன் கணக்குக்கு இன்னைக்குத்தானே கடைசி? வீடு கெடச்சிருச்சு. சனிக்கிழமை வரைக்கும் பொறுக்க முடியல."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த மனுஷரைப் போய்த் திட்டினோமே என்றிருந்தது. இருந்த சோற்றில் பாதியை அவருக்கு வைத்தேன்.

கோழி அகப்படாமல் திரும்பிய ஆத்தா, "நாளைக்குச் சந்தை. நல்லதா வாங்கி ஆக்கிப் போடுறேன். இருந்துட்டுப் போங்க மாப்பிள்ளை" என்று கெஞ்சினாள்.

நான் சந்தைக்கு நிற்கவில்லை. சாயங்காலப் பஸ்ஸில் அவருக்கு முன்னால் ஏறி உட்கார்ந்துவிட்டேன்.