பால் காய்ச்சற மாதிரி

ஆரணியில் குப்புராஜைப் பற்றிக் கேட்டால், 'கரண்ட் இல்லாம நிக்கல் பூசறவரு' என்பார்கள். நினைத்தபோதெல்லாம் கரண்ட் போன எழுபத்தைந்தாம் வருஷத்தில் அது அதிசயம்தான். மெட்ராஸ் கம்பெனி ஒன்றில் கற்றுக்கொண்டு வந்த வேலை. பச்சை நிற மருந்துத் தண்ணீரைச் சூடாக்கி, சுத்தம் செய்த இரும்பை முக்கிவைத்தால் நிக்கல் தானாக ஏறும். தறிச் சாமானில் துரு பிடிக்காது, பட்டில் கறை படாது. ஒரே தொல்லை, தண்ணீர் கொதிக்கக் கூடாது. கொதித்தால் மருந்து திரிந்து கறுப்புப் பொடியாகிவிடும்.

கூட வேலை செய்ய மனைவி பாஞ்சாலை வந்தாள். அந்த வேலையைக் கற்றுக்கொள்ள அவளுக்கு அத்தனை ஆசை. கடை திறந்த அன்று, நெசவாளி திருமலையின் தறி இரும்புகள் முதலில் தொட்டியில் இறங்கின. வந்தவர்களுக்கு வெற்றிலை கொடுக்க வாசலுக்குப் போன குப்புராஜ், "பால் காய்ச்சற மாதிரி பாத்துக்கோ" என்று மட்டும் சொன்னார். கொதிக்கக் கூடாது என்று சொல்லவே இல்லை.

கண்ணை எடுக்காதே என்பது அவர் நினைப்பு. ஆனால் புது இடத்தில் பால் காய்ச்சுவது எதற்கு? பொங்கி வழியத்தானே! பாஞ்சாலை இன்னும் இரண்டு விறகு வைத்தாள். "பொங்கிடுச்சிங்க!" என்று சந்தோஷமாகக் கூப்பிட்டாள்.

குப்புராஜ் ஓடி வந்து பார்த்தார். தொட்டியெல்லாம் கறுப்பு.

"நீங்கதானேங்க பால் காய்ச்சற மாதிரின்னு..."

"வாய மூடு, புத்தி கெட்டவளே!" என்று நாலு பேர் பார்க்கக் கத்தினார்.

மறுநாள் முதல் பாஞ்சாலை வேலைக்கு வரவில்லை. பக்கத்துத் தெருவில் தறியில் உட்கார்ந்தாள். மத்தியானம் சோறு மட்டும் கொண்டு வந்து கொடுப்பாள்.

அதோடு விட்டாரா மனுஷர்? "எங்க வூட்டுக்காரி நிக்கல்ல பொங்கல் வெச்சவ" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். தான் சொன்ன வார்த்தையை மட்டும் விட்டுவிடுவார். அது உள்ளுக்குள் உறுத்திக்கொண்டேதான் இருந்தது.

எண்பத்தாறில் ஒரு நாள், சந்தவாசல் ஊரிலிருந்து வேலை கொடுக்க வந்தவரிடம் அதே கதையைச் சொல்லும்போது பாஞ்சாலை சோற்றுக் கூடையோடு வந்து நின்றாள். "நெசமாம்மா?" என்றார் வந்தவர்.

"ஆமாங்க. நான் புத்தி கெட்டவ."

குப்புராஜுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. "இல்லீங்க. பால் காய்ச்சற மாதிரின்னு சொன்னதே நான்தான். தப்பு என்னுது" என்றார்.

பாஞ்சாலை கூடையை இறக்கி வைத்தாள். "இதக் கேக்கத்தான் பதினோரு வருஷமா சோறு எடுத்துகினு வந்தேன்."

"நாளையில இருந்து வேலைக்கு வரியா?"

"அந்த ஆச போயிடுச்சிங்க. நாளையில இருந்து சோத்த நீங்களே எடுத்துகினு வந்துடுங்க" என்று சொல்லிவிட்டுத் தறிக்குப் போனாள்.