அலுமாரிக்குப் பின்னால் இருந்த இசைத்தட்டு

ஜூலை முதலாம் திகதி மொன்ட்ரியாலில் பாதிச் சனம் வீடு மாறும். அங்கே கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் மாணவர்கள் நடைபாதையில் விட்டுப்போன பெட்டியொன்றை அண்ணை கிளறினார். மேலே கிடந்த இசைத்தட்டின் உறையில், தோள்வரை முடி வளர்த்த நான்கு இங்கிலாந்துக்காரர் முறைத்துக்கொண்டிருந்தார்கள்.

முன்பு லண்டன் மாமா அண்ணைக்கு அனுப்பியதும் இதே தட்டுத்தான். யாழ்ப்பாணத்து வீட்டில் கிற்றார் அலறத் தொடங்கினால் அப்பாவின் தேவாரம் பாதியில் நிற்கும். அதனால் அண்ணை தட்டை அலுமாரிக்குப் பின்னால் ஒளித்துவைத்தார். அம்மாவுக்கும் எனக்கும் மட்டும்தான் அது தெரியும். ஆனால் என்னை அவர் அதைத் தொடவே விடுவதில்லை.

ஒருநாள் அப்பா இடுப்புப் பட்டியைக் கழற்றிக்கொண்டு, "எங்கை வைச்சிருக்கிறான்?" என்று கத்தினார். எட்டு வயது நான், தொடவிடாத கோபத்தில், அலுமாரிப் பக்கம் விரலை நீட்டினேன்.

பள்ளிக்கூடத்தால் வந்த அண்ணையின் கண்முன்னே அப்பா தட்டை முழங்காலில் வைத்து முறித்தார். முறிந்த துண்டை அண்ணையின் முகத்தில் வீச, அவர் காது கிழிந்து தொங்கியது. அண்ணை அதே துண்டைப் பொறுக்கி அப்பாவின் கையைக் கீறினார். பட்டி விளாசியது. அம்மா இரண்டுபேரின் காயத்திலும் இரத்தம் நிற்கவென்று கோப்பித்தூளை அப்பிக்கொண்டு ஓலமிட்டார்.

அண்ணை இப்போது அந்தப் பாதிக் காதைத் தடவினார்.

"அப்பாவை எப்பவோ மன்னிச்சிட்டன். காட்டிக் குடுத்த அம்மாவைத்தான் ஏலாமல் கிடக்கு. அவ சாகுமட்டும் ஒரு கடிதம் போடேல்லை."

"அண்ணை..."

"என்ன?"

"பெட்டி பாரம். மற்றப் பக்கத்தை நான் பிடிக்கிறன்."