ராக்கையா கட்டிய பொட்டலம்

ராசிங்காபுரத்தில் நாலு வருசப் பட்டாள வேலைக்குத் தேர்வான பையன் எவனும் ராக்கையாவிடம் தப்பித்து ரயிலேற முடியாது. "நாலு வருசம் கழிச்சு வந்து என்ன படிப்ப?" என்று பிடித்துக்கொள்வார். எந்தப் படிப்பு, எந்தக் கல்லூரி, என்னென்ன சான்றிதழ் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்காமல் விடமாட்டார். ஹவில்தாராக ஓய்வு பெற்று வந்தவருக்கு, பத்தாவதோடு நின்றுபோனதால், போடியில் ஏலக்காய்க் குடோன் வாசலில் காவல் வேலைதான் கிடைத்தது. அந்த வயிற்றெரிச்சல் இன்னும் ஆறவில்லை.

பெற்றவர்கள்தான் லேசில் மசியமாட்டார்கள். கடைசியில் விவகாரம் அம்மன் கோயிலுக்குப் போகும். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம் கட்டி, சாமி முன்னால் போட்டு, ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் படிப்பு. பொட்டலம் கட்டுகிறவர் ராக்கையா. மனுசன் இரண்டிலும் வெள்ளையையே வைத்துவிடுவார்! எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கும் வழக்கமில்லாததால் குட்டு வெளிப்படவில்லை. பதினொரு பையன்களுக்கு இப்படித்தான் உத்தரவு வாங்கிக் கொடுத்தார். நல்லதுக்குத்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

பன்னிரண்டாவது பையன் பாண்டித்துரைக்காகப் போனது ஒரு உச்சி வேளை. மலையிலிருந்து மேகமூட்டமாய் மஞ்சு இறங்கிக் கோயில் மதிலைத் தொட்டுக்கொண்டு நின்றது. ஒரு காக்கைச் சத்தம்கூட இல்லை. அவன் அம்மா செல்லக்கிளி, "வந்தா ஏலத்தோட்டத்தப் பாக்கட்டும்ணே, படிச்சது போதும்" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள்.

குழந்தை எடுத்த பொட்டலத்தைப் பிரித்தார்கள். உள்ளே செவ்வரளி.

ராக்கையா குனிந்து பூவை உற்றுப் பார்த்தார். சிவப்புப் பூவை அவர் பறிக்கவே இல்லை. சொன்னால் மானம் போகும், சொல்லாவிட்டால் பையனின் படிப்பு போகும். எப்படியோ சொல்லிவிட்டார்.

"தாயி, நான் ரெண்டுலயும் வெள்ளையத்தான் வச்சேன்."

செல்லக்கிளி அவரைப் பார்த்த பார்வையில் எரிந்துபோனார். மற்றப் பொட்டலத்தை அவளே பிரித்தாள். அதிலும் செவ்வரளி. உச்சி நேரத்திலும் அதன் இதழில் விடிகாலைப் பனி காயாமல் இருந்தது.

"ரெண்டுலயும் ஒண்ணையே வச்சா அது உத்தரவாண்ணே?"

"இல்ல தாயி."

"அப்ப இதுவும் உத்தரவில்ல. ஆத்தா பதில் சொல்ல மாட்டேங்கிறா." மகன் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லுடா. ஒனக்கு என்ன வேணும்?"

"கணக்குப் படிக்கணும்மா. பட்டாளத்துலருந்து வந்து, காலேஜுல சேந்து."

"இத எங்கிட்ட ஏண்டா சொல்லல?"

"எங்க விட்டீங்க? நீங்களும் இந்த மாமாவும் பூவத்தானே கேட்டீங்க."

செல்லக்கிளி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ராக்கையாவின் சட்டைப் பையிலிருந்து அந்தப் படிப்புத் தாளையும் பேனாவையும் உருவி மகனிடம் நீட்டினாள்.